வியெர்வில் நாற்சந்தியில் பார்க்கலாம்

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, வெர்ஜீனியாவில் இருக்கும் மகள் வீட்டில் இரண்டு மாதம் தங்கியிருந்தபோது, ஒரு சனிக்கிழமை காலை மருமகன் எங்களை பெட்ஃபர்டு என்ற சிற்றூருக்கு அழைத்துச் சென்றார். புளூ ரிட்ஜ் மலையின் அடிவாரத்தில் இருக்கும் அந்த ஊரில், இரண்டாம் உலகப் போரில், 1944 ஜூன் 6 அன்று நேச நாட்டுப் படைகள் பிரான்சின் நார்மண்டிக் கடற்கரையில் தரையிறங்கியபோது இறந்தவர்களுக்கான அமெரிக்கத் தேசிய நினைவகம் இருக்கிறது. 44 அடி 6 அங்குல உயரத்தில் ஒரு வளைவு. அதன் எதிரே ஓர் ஆழமில்லாத குளம், குளத்தில் வெண்கலத்தில் வார்த்த வீரர்கள் துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு கரையை நோக்கி நடக்கிறார்கள். தண்ணீருக்கடியில் குழாய் பதித்து, அங்கொன்றும் இங்கொன்றுமாக நீர் 'சுளீர்' என்று மேலே தெறிக்கும்படி செய்திருக்கிறார்கள். குண்டு விழுந்தால் தண்ணீர் அப்படித்தான் தெறிக்கும் என்பதைப் பக்கத்தில் இருந்தவர் சொன்ன பிறகுதான் புரிந்துகொண்டேன். அதுவரை அதை நீரூற்று என்று நினைத்து, பேத்தியைக் கைபிடித்து அதன் ஓரமாக நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். படம் எடுப்பதை நிறுத்திவிட்டேன்.

அங்கே வழிகாட்டியாக இருந்த முதியவர் பல கதைகளைச் சொன்னார். அவற்றில் ஒன்று மட்டும் என்னோடு ஊருக்கு வந்துவிட்டது. ராய் ஸ்டீவன்ஸ், ரே ஸ்டீவன்ஸ் என்ற இரட்டைச் சகோதரர்கள் ராணுவத்தில் ஒரே கம்பெனியில், அதாவது ஒரே சிறு படைப்பிரிவில், பணியாற்றினார்கள். தாக்குதலுக்குப் புறப்படும் நேரத்தில் ரே கைகுலுக்கக் கையை நீட்டினான். ராய் அந்தக் கையைப் பற்ற மறுத்துவிட்டான். இன்று காலையே கரையைத் தாண்டி இருக்கும் வியெர்வில் ஊரின் நாற்சந்தியில் சந்திப்போம், அங்கே கைகுலுக்கிக்கொள்ளலாம் என்று சொன்னான். ரே தலையைக் குனிந்துகொண்டான். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. ராய் அதைத் தொடவில்லை. சில மணி நேரத்துக்குள் ரே இறந்துவிட்டான்.

திரும்பி வரும்போது காரில் என் மகள், "கையைக் கொடுத்திருக்கலாமேப்பா. என்ன குறைஞ்சிருக்கும்?" என்றாள். நானும் அப்போது ஆமென்றுதான் சொன்னேன். ஊருக்குத் திரும்பி மாதங்கள் ஆன பின்னும் அந்த 'ஆம்' எனக்குச் சரியாகப் படவில்லை. ஏதோ ஓரிடத்தில் அந்த மனிதனுக்கு நான் அநியாயம் செய்துவிட்டதாகத் தோன்றிக்கொண்டே இருந்தது. இந்தக் கட்டுரையை எழுதுவதற்கு அந்த உறுத்தலைத் தவிர வேறு காரணம் கிடையாது.

ஓர் ஊர், ஒரு கம்பெனி

சகோதரர்கள் ஒரே கம்பெனியில் இருந்தது எப்படி என்று கேட்டால், பதில் மிக எளியது. அவர்கள் போருக்காகச் சேரவில்லை, காசுக்காகச் சேர்ந்தார்கள். 1930களின் பெருமந்தக் காலத்தில் வெர்ஜீனியாவின் சிற்றூர்களில் வேலை கிடைப்பது அரிது. நேஷனல் கார்டு என்ற மாநிலத் துணைப்படையில் சேர்ந்தால், உள்ளூரிலேயே ஒரு நாள் பயிற்சிக்கு ஒரு டாலர் கிடைத்தது. கோடையில் முகாம் உண்டு, போட்டுக்கொள்ள நல்ல சீருடை உண்டு. ஒருவன் சேர்ந்தால் அவன் தம்பி சேருவான், பக்கத்துப் பண்ணைப் பையன் சேருவான், உடன் படித்தவன் சேருவான். அந்தப் படையின் அமைப்பே ஊர்வாரியானது. 116ஆவது காலாட்படை ரெஜிமென்டில் ஏ கம்பெனி என்றால் பெட்ஃபர்டு, பி கம்பெனி என்றால் லின்ச்பர்க், சி என்றால் ஹாரிசன்பர்க், டி என்றால் ரோனோக். பேரேட்டில் ஒரு கம்பெனி நின்றால் அது ஓர் ஊர் நிற்பதுதான்.

1941 பிப்ரவரி 3 அன்று அந்தத் துணைப்படையை மத்திய ராணுவப் பணிக்குள் எடுத்துக்கொண்டார்கள். ஓராண்டுக்கு மட்டும் என்றுதான் சொன்னார்கள். ஆனால் டிசம்பரில் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டதும் அந்த ஓராண்டுக் கணக்கு முடிந்துபோயிற்று. 1942 செப்டம்பர் இறுதியில் குயின் மேரி என்ற மாபெரும் பயணிகள் கப்பலில் அவர்களை இங்கிலாந்துக்கு ஏற்றினார்கள். அக்டோபர் 2 அன்று, கரையை நெருங்கும் வேளையில், தனக்குக் காவலாக வந்த குராசோவா என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலின் மேல் குயின் மேரி மோதி, அதை இரண்டாகப் பிளந்துவிட்டது. முந்நூறுக்கும் மேற்பட்ட மாலுமிகள் இறந்தார்கள். நீர்மூழ்கிகளின் பயத்தால் நின்று காப்பாற்றக் கூடாது என்பது உத்தரவு. கப்பல் நிற்காமல் போயிற்று. எதிரியின் முகத்தையே பார்க்காத பெட்ஃபர்டு பையன்கள் போரில் முதன்முதலாகக் கண்ட சாவு, தங்கள் கப்பலே தங்கள் தரப்பாருக்குச் செய்த சாவுதான்.

அதன்பின் இருபது மாதங்கள் இங்கிலாந்தில் பயிற்சி. மழை, சகதி, டார்ட்மூர் பொட்டல்வெளி, ஸ்லாப்டன் கடற்கரையில் தரையிறங்கும் ஒத்திகை. இந்த நெடிய காலத்தை நான் விரைவாகக் கடந்துவிடுகிறேன். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் ஒரே கம்பெனியில் இருப்பதால் என்ன ஆகும் என்பதை அந்த மாதங்களில் யாரும் யோசித்திருக்கமாட்டார்கள் என்று நினைப்பது தவறு. யோசித்தார்கள். பெட்ஃபர்டு ஹோபாக், ரேமண்ட் ஹோபாக் என்று இன்னும் இரு சகோதரர்கள் அதே கம்பெனியில் இருந்தார்கள். அண்ணனுக்கு ஊரின் பெயரே பெயர். தம்பி ரேமண்டுக்கு அடிக்கடி மூக்கில் ரத்தம் வடியும். அதைக் காரணம் காட்டி மருத்துவ விடுப்பில் வீட்டுக்குப் போகும் வாய்ப்பு அவனுக்கு வந்தது. அண்ணனை விட்டுவிட்டுப் போகமாட்டேன் என்று சொல்லி அவன் அங்கேயே இருந்துவிட்டான். இதைப் பின்னாளில் சொன்னவர் அவர்களுடைய தங்கை லூசில். உடன்பிறந்தவன் பக்கத்தில் இருப்பது ஒருவனுக்குத் துணை என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அது துணை மட்டுமல்ல, வெளியேறும் கதவை உள்ளிருந்தே தாழிட்டுக்கொள்வதும்தான்.

ஸ்டீவன்ஸ் இரட்டையர்களின் வீட்டில் மொத்தம் பதினான்கு பிள்ளைகள். போருக்கு முன்பே இருவரும் கூட்டாகப் பணம் போட்டு ஒரு பண்ணை வாங்கியிருந்தார்கள். திரும்பிப் போய்ச் சேர்ந்து உழுவது என்பதுதான் அவர்களுடைய திட்டம். ஒரே படுக்கையில் வளர்ந்தவர்கள், ஒரே நிலத்துக்குச் சொந்தக்காரர்கள், ஒரே கம்பெனியில் சார்ஜென்டுகள். ஆனால் ரேயின் மனத்தில் தான் திரும்பப்போவதில்லை என்ற எண்ணம் படிந்துவிட்டிருந்தது. தாக்குதல் நெருங்க நெருங்க அதை அவன் ராயிடம் வெளிப்படையாகவே சொன்னான். பண்ணையை நீ பார்த்துக்கொள் என்றான். ராய் அந்தப் பேச்சுக்கே இடம்கொடுக்கவில்லை.

கப்பல் தளத்தில்

தாக்குதல் அணியில் ஏ கம்பெனியை ஏற்றிச் சென்ற கப்பலின் பெயர் எம்பயர் ஜாவலின். பிரிட்டிஷ் கப்பல். ஜூன் 6 விடிவதற்கு முன்பு கரையிலிருந்து பல மைல் தொலைவில் நங்கூரமிட்டு நின்றது. அலை பெரிதாக இருந்தது. கப்பலின் பக்கவாட்டில் தொங்கிய சிறு தரையிறங்கு படகுகளில் ஏறும் முன்பு, வெவ்வேறு படகுகளுக்குப் பிரிக்கப்பட்டிருந்தவர்கள் ஒருவரையொருவர் தேடிப்போய்க் கைகுலுக்கிக்கொண்டார்கள், முதுகில் தட்டிக்கொண்டார்கள். ரே வேறொரு படகில், ராய் வேறொரு படகில். இந்த இடத்தில்தான் ரே கையை நீட்டியது.

இந்தக் காட்சியை நான் பலமுறை மனத்தில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். இருட்டு, எண்ணெய் வாடை, ஆடும் தளம், அறுபது எழுபது பவுண்டு சுமையோடு நிற்கும் இளைஞர்கள். அந்த இடத்தில் கைகுலுக்குவதற்கு ஓர் அர்த்தம்தான் இருக்க முடியும். ரே அந்த அர்த்தத்தில்தான் கையை நீட்டினான். ராயும் அதே அர்த்தத்தில்தான் புரிந்துகொண்டான். புரிந்துகொண்டதால்தான் மறுத்தான். கையைக் கொடுத்தால் தம்பியின் எண்ணத்துக்குத் தானும் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். அதனால் அவன் தன் கையைக் கொடுக்காமல் ஓர் இடத்தைக் கொடுத்தான், ஒரு நேரத்தைக் கொடுத்தான். வியெர்வில்-சுர்-மேர் என்ற ஊரின் நாற்சந்தி. இன்று காலை, இன்னும் சற்று நேரத்தில்.

இதை ஏன் எங்கோ கேட்டதுபோல் இருக்கிறது என்று எனக்கு வெகுநாள் புரியவில்லை. ஒருநாள் மாலை எங்கள் தெருவில் ஒரு பெண் குழந்தை பள்ளிச் சுற்றுலாவுக்குப் புறப்பட்டு, வாசலில் நின்று "பாட்டி, நான் போறேன்" என்று கத்தியது. உள்ளேயிருந்து வந்த பாட்டி, "போறேன்னு சொல்லாதடி. போயிட்டு வரேன்னு சொல்லு" என்று அதட்டினார். நம் எல்லோருக்கும் விழுந்த அதட்டல்தான். நம் வீடுகளில் யாரும் 'போவது' கிடையாது. சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது மட்டும் சொல்லிக்கொள்ளாமல் புறப்படுவோம், ஏனென்றால் அங்கே 'வரேன்' என்று சொல்லக் கூடாது. மற்ற எந்த வாசலிலும் வருகையைச் சொல்லாமல் பிரிவைச் சொல்ல நம் மொழி நம்மை விடுவதில்லை. ஆங்கிலம் மட்டுமே பேசிய, வெர்ஜீனியா மலையடிவாரத்துப் பண்ணைக்காரன் ஒருவன், அந்தக் கப்பல் தளத்தில் தன் தம்பியிடம் செய்தது அந்தப் பாட்டி செய்ததைத்தான். 'போறேன்' என்று ரேயின் கை சொன்னது. 'போயிட்டு வரேன்னு சொல்லு' என்று ராய் அதட்டினான்.

இதை உணர்ந்த பிறகு, காரில் நான் சொன்ன 'ஆம்' தவறு என்பது எனக்கு உறுதியாயிற்று. ஆனாலும் விஷயம் அங்கே முடியவில்லை.

கடலும் கரையும்

ஏ கம்பெனிக்கு ஒதுக்கப்பட்ட பகுதியின் சங்கேதப் பெயர் டாக் கிரீன். வியெர்வில் ஊருக்கு ஏறிச்செல்லும் பாதையின் வாயில் அது. பாதை இருப்பதால்தான் அங்கே இறங்க வேண்டும் என்று நேச நாடுகள் முடிவு செய்தன. பாதை இருப்பதால்தான் ஜெர்மானியர்கள் அந்த வாயிலை மிகக் கடுமையாகக் காத்தார்கள். விமானங்கள் முதலில் வந்து குண்டு போட்டுக் கடற்கரையைக் குழிகுழியாக்கிவிடும், அந்தக் குழிகளில் பதுங்கிப் பதுங்கி முன்னேறலாம் என்று வீரர்களுக்குச் சொல்லியிருந்தார்கள். மேகம் மூடியிருந்ததால், தம் படகுகள்மேலேயே விழுந்துவிடக் கூடாது என்று விமானங்கள் சற்றுத் தாமதித்துக் குண்டுகளைப் போட்டன. அவையெல்லாம் கரையைத் தாண்டி உள்நாட்டு வயல்களில் போய் விழுந்தன. காலை ஆறரை மணிக்குச் சற்றுப் பின்பு படகுகளின் முன்கதவு திறந்தபோது, எதிரே நீண்டு கிடந்தது ஒரு குழிகூட இல்லாத சமமணல். கம்பெனித் தலைவர் கேப்டன் டெய்லர் ஃபெல்லர்ஸும் பெட்ஃபர்டுக்காரர்தான். அவருடைய படகில் வந்தவர்கள் ஒருவர்கூட மிஞ்சவில்லை. அந்த ஒரு நாளில் ஏ கம்பெனியிலிருந்த பெட்ஃபர்டு இளைஞர்களில் 19 பேர் இறந்தார்கள். பெட்ஃபர்டின் அன்றைய மக்கள்தொகை ஏறத்தாழ 3,200.

ராய் ஸ்டீவன்ஸ் அந்த மணலில் கால் வைக்கவே இல்லை. அவனுடைய படகு கரைக்கு எட்டும் முன்பே தண்ணீர் புகுந்து மூழ்கிவிட்டது. சுமைகளை அறுத்தெறிந்துவிட்டு, இடுப்பில் கட்டியிருந்த மிதவையைப் பற்றிக்கொண்டு வீரர்கள் குளிர்ந்த கடலில் மிதந்தார்கள். கம்பியில்லாத் தந்திப் பெட்டியைச் சுமந்திருந்த வீரர் மூழ்கிவிட்டார். மற்ற படகுகள் அவர்களைக் கடந்து கரைக்குப் போவதை அவர்கள் பார்த்தார்கள். கரையில் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பிய பிரிட்டிஷ் படகு அவர்களைத் தூக்கியெடுத்தது. துப்பாக்கி, தலைக்கவசம் எல்லாம் கடலுக்குள் போயிருந்ததால் கரைக்குக் கொண்டுபோவதில் பொருளில்லை என்று தாய்க்கப்பலுக்கே திருப்பி ஏற்றிச் சென்றார்கள். அங்கிருந்து இங்கிலாந்து. அன்று காலை நாற்சந்திக்கு வருகிறேன் என்று சொன்னவன், மாலையில் ஆங்கிலக் கால்வாயின் மறுகரையில் உலர்ந்த உடையோடு உட்கார்ந்திருந்தான்.

இதைத் தப்பித்தல் என்றுதான் நாம் சொல்வோம். அந்தப் படகில் இருந்தவர்களுக்கு அது அப்படிப்படவில்லை என்பதைப் புரிந்துகொள்வது கடினமல்ல. தன் கம்பெனி என்ன ஆயிற்று என்று தெரியாது. வாக்குக் கொடுத்த இடத்துக்குத் தம்பி வந்து காத்துக்கொண்டிருக்கிறானா என்றும் தெரியாது. ராயோடு அதே படகில் மூழ்கித் தப்பிய இன்னொருவன் கிளைட் பவர்ஸ். அவனுடைய சகோதரன் ஜாக் பவர்ஸ், ரேஞ்சர் என்ற சிறப்பு அதிரடிப் படைக்கான பயிற்சி பெற்றவன், அவனும் அன்றைய தாக்குதலில் கரைக்குப் போயிருந்தான். ஆக, ஒரே படகிலிருந்து மீண்ட இருவர், கரையில் இருக்கும் இரு சகோதரர்களைப் பற்றி நான்கு நாட்கள் யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

நான்கு நாட்களுக்குப் பிறகு அவர்களை மீண்டும் பிரான்சுக்கு அனுப்பினார்கள். ராய் கரையேறியபோது கடற்கரைக்கு அருகில் ஒரு தற்காலிகக் கல்லறைத் தோட்டம் உருவாகியிருந்தது. புதிதாய் வெட்டிய மண்ணில் வரிசை வரிசையாகச் சிலுவைகள், ஒவ்வொரு சிலுவையிலும் கழுத்தில் அணியும் அடையாளத் தகடு ஒன்றை மாட்டியிருந்தார்கள். தகடுகளில் சேறு அப்பியிருந்தது. ராயும் கிளைடும் உள்ளே போனார்கள். ஸ்டீவன்ஸ் என்ற பெயரைத் தேடி ராய் முதல் சிலுவையின் முன் நின்று, தகட்டிலிருந்த சேற்றைச் சுரண்டினான். ரே ஸ்டீவன்ஸ். அவன் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. சுரண்டிய முதல் தகடே தம்பியுடையது. கிளைட் தேடிய ஜாக் பவர்ஸும் இறந்துபோயிருந்தான்.

அந்தச் சேறு என்னைவிட்டுப் போகவில்லை. இராணுவத்தின் அடையாளத் தகடு உள்ளங்கையில் அடங்கும் ஒரு சின்ன உலோகத் துண்டு. அதில் எழுத்துகளை அச்சுக் குத்திப் பதித்திருப்பார்கள். சேற்றை விரலால் தள்ளும்போது எழுத்து கண்ணுக்குத் தெரியும் முன்பே விரலுக்குத் தெரியும். இரட்டையர்களின் குடும்பப் பெயர் ஒன்று. முதற்பெயரும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்தில் தொடங்கி ஒரே எழுத்தில் முடிகிறது. நடுவில் மட்டும்தான் வேறுபாடு. அந்த விரல் தன் பெயரைத் தடவிக்கொண்டிருந்ததா, தம்பியின் பெயரையா என்று ஒரு நொடி குழம்பியிருக்கக்கூடும். இது என் கற்பனை என்பதை அறிவேன்; ஆனாலும் அந்தத் தகட்டை நினைக்கும்போதெல்லாம் இந்த எண்ணம் தானாகவே வருகிறது.

எண்பது வயதைக் கடந்த பிறகும் ராய் ஸ்டீவன்ஸ் தன்னிடம் பேச வந்தவர்களிடம் இந்தக் கதையைச் சொன்னார். போரில் அவரும் காயம்பட்டவர். ஊர் திரும்பி வாழ்ந்தவர். அந்தக் காலையில் தான் பார்த்த வேறு எதையும்விட, பற்றாமல் விட்ட அந்தக் கையைப் பற்றித்தான் அவர் வருந்தினார். அந்த வருத்தத்தைப் போக்கும் வாதம் எதுவும் என்னிடம் இல்லை. பாட்டியின் அதட்டலைச் சொன்னால் அவருக்குப் புரிந்திருக்கும் என்று நம்புகிறேன். ஆனால் 'போயிட்டு வரேன்' என்பது திரும்பி வந்தவர்களுக்கு மட்டும் முழுமையடையும் வாக்கியம்.

அண்ணனிடம் கேட்டேன்

1996இல் என் அண்ணன் சவூதிக்கு வெல்டர் வேலைக்குப் போனார். புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்தில் அவரை வழியனுப்ப நான் மட்டும்தான் போயிருந்தேன். அம்மா வாசலோடு நின்றுவிட்டார். திருச்சிப் பேருந்தின் ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்தபின், வண்டி நகரும் நேரத்தில், அண்ணன் ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார். எங்கள் வீட்டில் அண்ணன் தம்பிகள் கைகுலுக்கிக்கொள்ளும் வழக்கமே கிடையாது. எனக்கு அடிவயிற்றில் ஏதோ செய்தது. "என்னண்ணே இது புதுசா? போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு" என்று சொல்லிவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்துவிட்டேன். வண்டி போய்விட்டது. அவர் மூன்றாண்டுகள் கழித்து நல்லபடியாக வந்தார். அதன்பின் இரண்டு முறை போய்வந்தார். எந்தக் கெடுதலும் நடக்கவில்லை. ஆனால் பெட்ஃபர்டில் அந்த முதியவர் கதையைச் சொன்னபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த ஜன்னல்தான். மகளிடம் 'ஆம்' என்று சொன்னது, ராயை அல்ல, என்னையே கண்டித்துக்கொண்டதுதான் என்பதைப் பின்னால்தான் உணர்ந்தேன்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அண்ணனிடம் அதைக் கேட்டேன். திண்ணையில் உட்கார்ந்து கரும்பு சீவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து கொஞ்ச நேரம் யோசித்தார். "கையை நீட்டினேனா? எந்தத் தடவை?" என்றார். முதல் தடவை என்றேன். "எனக்கு ஞாபகமே இல்லையேப்பா" என்று சொல்லிவிட்டு மறுபடியும் கரும்பைச் சீவத் தொடங்கினார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நான் சுமந்துகொண்டிருந்தது அவரிடம் ஒரு சுவடும் இல்லாமல் போயிருந்தது. வியெர்வில் நாற்சந்தியில் அன்று காலை அந்த இருவரும் சந்தித்திருந்தால், அந்தக் கையை ரேயும் மறந்திருப்பான். ஏன், ராயும் மறந்திருப்பார். பண்ணையில் உழுது, கல்யாணம் செய்து, பிள்ளைகள் பெற்று, எந்தப் படகு எந்தக் கப்பல் என்றே குழம்பியிருப்பார்கள்.

தந்திகள்

பெட்ஃபர்டு ஊருக்குச் செய்தி வர ஆறு வாரங்கள் ஆயின. அந்த ஆறு வாரங்களும் அந்தப் பெற்றோர்கள் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள். அரசின் அறிவிப்பு குடும்பத்துக்குப் போய்ச் சேரும் முன்பு யாருடைய சாவையும் வீரர்கள் கடிதத்தில் எழுதக் கூடாது என்பது தணிக்கை விதி. தம்பியின் சிலுவையைக் கண்ணால் பார்த்தவனின் கையையும் அந்த விதி கட்டியிருந்தது. ஜூலை 17, திங்கட்கிழமை காலை, கிரீன்ஸ் மருந்துக்கடையின் உள்ளே இருந்த தந்தி அலுவலகத்தில் எலிசபெத் டீஸ் என்ற இளம்பெண் வழக்கம்போல் இயந்திரத்தை முடுக்கி ரோனோக்குக்குக் காலை வணக்கம் சொன்னாள். உயிரிழப்புச் செய்திகள் இருக்கின்றன என்று பதில் வந்தது. போர்க்காலத்தில் ஒன்றிரண்டு அப்படி வருவது உண்டுதான். அன்று நாடா நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. எல்லாம் அவளுக்குத் தெரிந்த பெயர்கள். கடைக்குக் காபி குடிக்க வந்தவர்கள் கையிலேயே கொடுத்தனுப்ப வேண்டியிருந்தது. ஊர்வாரியாகக் கம்பெனி அமைப்பதன் முழுப் பொருள் அந்த மருந்துக்கடையில்தான் அன்று வெளிப்பட்டது. சேரும்போது ஊரே சேர்ந்தது. சாவும் ஊருக்கே மொத்தமாக வந்தது.

ஹோபாக் வீட்டுக்கு அதற்கு முந்தைய நாளே, ஞாயிறன்று, குடும்பம் தேவாலயத்துக்குப் புறப்படும் நேரத்தில், மூத்தவன் பெட்ஃபர்டு இறந்த தந்தி வந்துவிட்டது. மறுநாள் இரண்டாவது தந்தி: ரேமண்டைக் காணவில்லை. மூக்கில் ரத்தம் வடிந்தும் வீட்டுக்கு வராமல் அண்ணனோடு இருந்துவிட்டவன். அவன் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. காயம்பட்டுக் கரையில் கிடந்தவனை ஏறிவந்த கடல் இழுத்துச் சென்றிருக்கலாம் என்று குடும்பத்தார் கருதினார்கள். சில நாட்களில் ஒரு பொட்டலம் வந்தது. கிரேட்டன் என்ற முன்பின் தெரியாத வீரர் ஒருவர் அனுப்பியிருந்தார். தாக்குதலுக்கு மறுநாள் கடற்கரையில் நடந்துகொண்டிருந்தபோது மணலில் ஒரு பைபிள் கிடந்ததாகவும், அதில் பெயர் இருந்ததாகவும், உங்கள் மகன் நலமாக இருப்பார் என்று நம்புவதாகவும் அவர் எழுதியிருந்தார். 1938 கிறிஸ்துமஸுக்கு அம்மா ரேமண்டுக்குக் கொடுத்த பைபிள் அது. மகன் கிடைக்காவிட்டால் அடுத்தபடியாகத் தான் விரும்பியிருக்கக்கூடியது அந்தப் பைபிள்தான் என்று அந்தத் தாய் சொன்னார்.

போர் முடிந்து சில ஆண்டுகளில், வெளிநாட்டில் புதைக்கப்பட்டவர்களின் உடலை ஊருக்குக் கொண்டுவர வேண்டுமா, அங்கேயே விட வேண்டுமா என்று அமெரிக்க அரசு குடும்பங்களைக் கேட்டது. பலர் கொண்டுவந்தார்கள். ஹோபாக் அம்மாவுக்கு முன்னால் ஒரு மகனின் கல்லறை மட்டும்தான் இருந்தது. பெட்ஃபர்டை வீட்டுக்குக் கொண்டுவரலாம், தேவாலயத்துத் தோட்டத்தில் புதைக்கலாம், ஞாயிறுதோறும் பூ வைக்கலாம். அவர் வேண்டாம் என்று சொன்னார். சின்னவன் அந்த மணலிலோ கடலிலோ இருக்கிறான், பெரியவனும் அவன் பக்கத்திலேயே இருக்கட்டும் என்றார். பிள்ளையின் அஸ்தியையாவது கையில் வாங்கினால்தான் மனம் ஆறும் என்று பழகிய எனக்கு, அந்தத் தீர்மானத்தை எடுக்கத் தெம்பு இருந்திருக்காது.

கொலேவில் ஊருக்கு அருகில், அதே கடலைப் பார்த்தபடி, அந்தக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. பெட்ஃபர்டு ஹோபாக்கின் வெள்ளைச் சிலுவை அங்கே இருக்கிறது. காணாமற்போனவர்களின் பெயர்களைப் பொறித்த அரைவட்டச் சுவர் ஒன்றும் அங்கேயே இருக்கிறது. அதில் ரேமண்டின் பெயர். பைபிள் மட்டும் வெர்ஜீனியாவில், அவர்கள் வீட்டில் இருந்தது.